நீதிமான்களின் கையும் நடுங்கிற்று
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அண்மையில் வந்து, "ஐயா, அடித்தவனைத் திருப்பி அடிப்பது அறமா, அன்றா?" என்று வினவினார். அவருடைய ஊரில் நேர்ந்த இழிவினை நாம் அறிவோம். ஆதலின் உடனே விடை கூற நா எழவில்லை. அவ்வினாவையே உயிராகக் கொண்ட நாடகம் ஒன்றினை இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு, ஓராண்டு நிரம்புமுன்னரே தந்தையைப் போரில் இழந்தவர். எழுத்தறியாத ஏழைத் தாயால் வளர்க்கப்பெற்றவர். 1957இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் இயற்றிய 'நீதிமான்கள்' என்னும் ஐந்தங்க நாடகம் 1949 டிசம்பர் 15 அன்று பாரிஸ் நகரில் முதன்முதலாக அரங்கேறியது.

கதையின் கரு வரலாற்றில் நிகழ்ந்தது. 1905 பிப்ரவரியில் மாஸ்கோ நகரில், ஜார் மன்னரின் சிற்றப்பனான செர்கேய் கோமகனைக் கொல்லப் புரட்சியாளர் சிலர் திட்டமிட்டனர். வெடிகுண்டுடன் காத்து நின்றவர் கலியாயெவ் என்னும் இளைஞர். வண்டி நெருங்கியது. உள்ளே கோமகனோடு இரு குழந்தைகள் அமர்ந்திருந்தனர். ஓங்கிய கை தாழ்ந்தது. குண்டினை வீசாமலே அவர் திரும்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கோமகன் தனியே வந்தபோது வீசினார், கோமகன் மாண்டான். அவ்வாண்டு மே மாதம் கலியாயெவ் தூக்கிலிடப்பட்டார்.

வெறுங்கையுடன் திரும்பிய அவரைத் தோழர்கள் எதிர்கொள்ளும் காட்சியே நாடகத்தின் நெஞ்சம் எனலாம். சிறையில் கசையடி பட்ட ஸ்தெபான் சீறுகின்றார். இரு குழந்தைகளைக் காத்ததனால் இன்னும் எத்துணை ஆயிரம் குழந்தைகள் பசியால் மடிவர் என்பது அவர் வாதம். குண்டு செய்பவளான தோரா மறுக்கின்றாள். குழந்தைகளைக் கொன்று வரும் புரட்சியை, அதனால் விடுதலை பெற வேண்டிய மக்களே வெறுப்பர் என்கின்றாள். கலியாயெவ் கூறுவதன் சாரம் இது: நாளை வரும் நீதிக்காக, இன்று வாழும் மனிதர்க்கு அநீதி இழைக்க எவர்க்கும் உரிமை இல்லை.

காம்யு எவரையும் எளிதில் விடுவிக்கவில்லை. கொலை தவறு என்று கலியாயெவ் அறிவார். கொடுங்கோலைப் பொறுத்திருத்தலும் தவறு என்றும் அறிவார். ஆகவே தம் உயிரையே விலையாகத் தந்து கணக்கினைத் தீர்க்க முயல்கின்றார். கோமகனின் மனைவி சிறைக்கு வந்து மன்னிப்பினைப் பற்றிப் பேசியும் அவர் அதனை ஏற்கவில்லை. அவரை எள்ளுவதற்கு நாம் யார்? அந்நாளில் ருசிய மக்களுக்கு வாக்குரிமை இல்லை. சட்டமன்றம் என ஒன்றும் இல்லை. ஆயினும் உயிரைக் கொடுத்தால் எடுத்த உயிர் மீளுமா? நாடகம் இவ்வினாவினை விடையின்றியே விட்டுச் செல்கின்றது.

குழந்தைகளைக் கண்டு தாழ்ந்த கையினை நினைக்கும்போது, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மடிந்ததும் நம் நினைவிற்கு வருகின்றது. அங்கும் குழந்தைகள் இருந்தனர். அங்கு எவர் கையும் தாழவில்லை. நம் இளைஞரின் உள்ளம் கொதிப்பதன் காரணம் நமக்கு விளங்காமல் இல்லை.

இந்நாடகம் அரங்கேறுவதற்கு 20 நாள் முன்னர், 1949 நவம்பர் 25 அன்று, அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் இதே பொருளைத் தொட்டுப் பேசினார். சட்டவழி அடைபட்டிருந்த காலத்தில் பிற வழிகளுக்கு நியாயம் இருந்தது. அவ்வழி திறந்துவிட்ட பின்னர்க் குருதி சிந்தும் முறையினைக் கைவிடல் வேண்டும் என்றார். அத்துடன் அவர் நிற்கவில்லை. சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மையை நீடிக்க விட்டால், அதனால் துன்புறுவோர் அரசியல் சனநாயகத்தையே தகர்த்துவிடுவர் என்றும் எச்சரித்தார். முதற் பகுதியை நமக்கு ஓதுவோர் பலர். இரண்டாம் பகுதியைத் தமக்கே ஓதிக்கொள்வோர் சிலரே.

நாடகத்தில் ஃபோக்கா என்றொரு கைதி வருகின்றான். ஏழை, அறியாமையில் உழல்பவன். ஒருவரைத் தூக்கிலிட்டால் அவனுக்கு ஓராண்டுத் தண்டனை குறையும். யாருடைய விடுதலைக்காகக் கலியாயெவ் குண்டு வீசினாரோ, அவ்வேழையே அவருக்குத் தூக்குக்காரனாக நிற்கின்றான்! கலியாயெவ் பேசுவது அவனுக்குப் புரியவில்லை. குண்டு கோமகனைக் கொன்றது. ஃபோக்காவின் அறியாமையைத் தொடவே இல்லை.

நம் சங்கம் இந்த 25 ஆண்டுகளாகக் கைக்கொண்ட பணி அவ்வறியாமையைத் தொடும் பணியே ஆகும். இது மெதுவான பணி. கோபத்திற்கு உடனே ஆறுதல் தராத பணி. அந்த இளைஞரிடம் இறுதியில் நாம் கூறியதும் இதுவே: "தம்பி, உன் சினம் நேர்மையானது, அதனை அணைத்துவிடாதே. ஆனால் உன் கை ஓங்குமுன், எதிரே வருவது யார் என்று பார்க்கும் கண் உனக்கு வேண்டும். வழக்குமன்றமும், வாக்குச்சீட்டும், எழுத்தும் உன் கையில் உள்ளவரை அவற்றைக் கீழே வைக்காதே. அவை அடைபடுமாயின், அடைத்தவரே அதற்குப் பொறுப்பாவர்."

அவர் தலையசைத்துச் சென்றார். முழுதும் ஏற்றாரா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அடுத்த கிழமை, சட்டக் கல்லூரியில் சேர்வதற்கான விண்ணப்பத்துடன் சான்றொப்பம் பெற வந்தார். மகிழ்வுடன் கையொப்பமிட்டோம்.