உங்க வீட்டுக் கூரை தீயைத் தாங்குமா?

(காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில், தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் பொதுமக்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

கையில செல்போனோட உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கும், தறியை நிறுத்திட்டு வந்திருக்கிற அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம். ஒரு மணி நேரம் தறி நின்னா என்ன நஷ்டம்னு எனக்குத் தெரியும். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நான் வேலையில் இருந்தபோது, ஒரு பங்குனி மாச மத்தியானம் அழைப்பு வந்தது. இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கீற்று வீடு எரியுது. வண்டி போய்ச் சேரும்போது நாலு மண்சுவரும், கரிஞ்ச தறிக்கம்பமும்தான் மிச்சம். உயிர்ச்சேதம் இல்லை. அந்த வீட்டு அம்மா சாம்பலைக் கிளறிக்கிட்டே இருந்தாங்க. "என்னம்மா தேடுறீங்க?"ன்னு கேட்டேன். "பட்டா, ரேஷன் கார்டு வெச்சிருந்த தகரப் பெட்டி"ன்னாங்க. அப்புறம் தறிக்குழியைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க: "வீடு போனா எங்க வீடு. பாவு எங்களுது இல்லையே ஐயா."

பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்தவர் வேற ஒருத்தர். பாதி நெய்த முகூர்த்தப் புடவை சாம்பலாப் போச்சு. கூரை எரிஞ்ச கடன் ஒருபக்கம், பட்டு எரிஞ்ச கடன் ஒருபக்கம். அன்றைக்கு எனக்கு ஒண்ணு புரிஞ்சது. நெசவாளிக்குக் கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு மட்டுமில்லை. அடுத்தவர் நம்பி ஒப்படைச்ச முதலுக்கும் அதுதான் காவல்.

கீற்று ஏன் இவ்வளவு வேகமா எரியுது?

தென்னங்கீற்று, பனையோலை, விழல், வைக்கோல் எல்லாமே மெல்லிசா, உலர்ந்து, நடுவில் காற்றோட்டத்தோட அடுக்கி வெச்ச பொருள். அடுப்பு மூட்ட நாம எப்படி அடுக்குவோமோ, அதே அடுக்குதான் தலைக்கு மேல இருக்கு. இறவாரத்தில் பிடிச்ச தீ சரிவுல மேல ஏறி முகட்டுக்குப் போகச் சில நிமிஷம் போதும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மழைத் தண்ணி உள்ளே இறங்காம வழிஞ்சு ஓடணும்னுதான் கூரை வேயறோம். தீ பிடிச்சபோது நாங்க மேலேயிருந்து பீய்ச்சுற தண்ணியும் அதே மாதிரி வழிஞ்சு ஓடிடும். அடி அடுக்குல தீ கனன்றுகொண்டே இருக்கும். அதனாலதான் தீயணைப்பு வீரர்கள் கொக்கி போட்டுக் கூரையைப் பிரிச்சு இழுப்பாங்க. "ஏன் சார் மிச்சத்தையும் இழுக்கிறீங்க?"ன்னு கோபப்படாதீங்க. பக்கத்து வீட்டைக் காப்பாத்த அதுதான் வழி. எரியுற கீற்றிலிருந்து கிளம்புற பொறி காத்து வீசுற திசையில் பறந்து அடுத்த கூரைமேல உட்காரும். ஒரு வீட்டுத் தீ ஒரு தெருத் தீயாகிறது இப்படித்தான்.

நாம கொடுத்த விலை

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை எரிந்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து 50 பேருக்கு மேல் பலியானார்கள். அதே ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம். மதிய உணவு சமைத்த இடத்தின் கீற்றில் பிடித்த தீ, வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். மூன்று ஆண்டுக்குள் மூன்று பெருந்தீ, மூன்றிலும் மேலே இருந்தது கீற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கும்பகோணத்துப் பள்ளி குடிசை இல்லை, கட்டடம்தான். மேலே போட்டிருந்த கூரைதான் கீற்று. கும்பகோணத்துக்கு அப்புறம் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. ஆனா நம்ம வீடுகள்ல? "எங்க வீடு மாடி வீடு, எங்களுக்கு என்ன"ன்னு சொல்றவங்க, ஒருதரம் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க. வெயில் தாங்கலைன்னு மேலே கீற்றுக் கொட்டகை போட்டிருப்பீங்க. அதுக்குள்ள பழைய பாய், மரச்சாமான், சமயத்தில் ஒரு கேஸ் அடுப்பு. தீபாவளி ராக்கெட் வந்து விழ அந்த இடம் ஒண்ணு போதும்.

எந்தக் கூரை எப்படி?

ஓடு: நாட்டு ஓடும் சீமை ஓடும் சூளையில் வெந்து வந்தவை, எரியாது. ஆனா அதைத் தாங்குற கைமரமும் ரீப்பரும் மரம். ஓட்டுச் சந்துல எலியும் குருவியும் வெச்ச கூடு, சேர்ந்த சருகு, ஒட்டடை எல்லாம் பொறிக்குப் பஞ்சு மாதிரி. வருஷத்துக்கு ஒருதரம் ஓடு மாத்தும்போது உள்ளே சுத்தம் பண்ணுங்க. உடைஞ்ச ஓட்டை அன்னைக்கே மாத்துங்க.

தகர சீட்டு, கலர் சீட்டு: எரியாது, பாரம் கம்மி, சீக்கிரம் போட்டுடலாம். குறை ரெண்டு. ஒண்ணு வெக்கை. ரெண்டாவது மின்சாரம். வயர் தோல் உரிஞ்சு தகரத்துல பட்டா வீடு முழுக்க ஷாக். எர்த் சரியா இருக்கணும், உயிர்காக்கும் டிரிப் சுவிட்ச் போட்டே ஆகணும். வெக்கைக்குப் பயந்து தகரத்துக்கு அடியில தெர்மாகோல் ஒட்டுறாங்க, அது கூடாது. தீ பட்டா உருகிச் சொட்டும், புகையும் மூச்சை அடைக்கும். அப்படிச் செஞ்சா எரியாத கூரையை எரியுற கூரையா மாத்தின கதைதான்.

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு: எரியாதுங்கறது உண்மை. ஆனா சூடேறினா பட்டாசு மாதிரி வெடிச்சுத் துண்டு துண்டா விழும். உடைக்கும்போதும் அறுக்கும்போதும் வர்ற தூசி நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். புதுசா போடாதீங்க.

பிளாஸ்டிக், பைபர் சீட்டு: தறிக்கு வெளிச்சம் வேணும்னு நடுவுல ஒரு பைபர் சீட்டு போடுறது வழக்கம். அது எரியும். அடுப்புக்கு மேலேயும் தறிக்கு நேர் மேலேயும் வேண்டாம். ஓட்டுக் கூரையில் கண்ணாடி ஓடு வெச்சா அதே வெளிச்சம் கிடைக்கும்.

கான்கிரீட் தளம்: தீக்கு இதுதான் நல்ல காவல். ஆனாலும் பெருந்தீ பட்ட தளத்தை இன்ஜினியர் பார்க்காம மறுபடி உபயோகிக்காதீங்க. வெளியே தெரியாட்டியும் உள்ளே கம்பி பலம் இழந்திருக்கலாம்.

"கீற்று குளிர்ச்சியா இருக்கே ஐயா!"

இது நியாயமான கேள்வி. தறிக்குழியில் கால் வெச்சு நாள் முழுக்க உட்கார்றவங்களுக்கு வெக்கையில வேலை ஓடாது. பட்டு இழையும் வறண்டா அறும். மேலே ஜக்கார்டு பெட்டி வேற இருக்கு, உயரமும் வேணும். ஆளு கையில வசதியில்லாம மட்டும் கீற்று போடலை, வேலைக்கு ஏத்த கூரைன்னு தெரிஞ்சேதான் போடுறாங்க.

குளிர்ச்சிக்கு வேற வழி இருக்கு. ஓடோ சீட்டோ எதுவானாலும் உயரமா ஏத்திப் போடுங்க. எதிரெதிர் சுவர்ல, மேல்பக்கம் காத்துப்போக்கி விடுங்க, சூடான காத்து தானா வெளியேறும். கான்கிரீட் தளத்துக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளைப் பெயின்ட்டோ அடிங்க, இல்லைன்னா வெள்ளை ஓடு பதிங்க. மேற்குப் பக்கம் ஒரு வேம்பு, புங்கன் வெச்சா அது உங்க பேரப்பிள்ளைக்கும் நிழல் தரும்.

மலையில் வீடு இருக்கிறவங்களுக்கு

இந்த உரையை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் காடு காய்ஞ்சு கிடக்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்ததை மறக்க முடியாது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற மலை ஊர் காட்டுத்தீயில் அழிந்தது. 85 பேர் இறந்தார்கள்.

காட்டுத்தீ சுவர் மாதிரி வந்து வீட்டை மோதும்னு நினைக்கிறோம். பெரும்பாலும் முன்னாடியே பறந்து வர்ற பொறிதான் வீட்டைக் கொளுத்துது. அதனால மலையில் கூரை ஓடோ தகரமோ கான்கிரீட்டோ ஆக இருக்கணும். கூரையைவிட முக்கியம் கூரைமேல கிடக்கிற சருகு. தகரக் கூரை போட்டுட்டு, மழைநீர்த் தாரையில யூகலிப்டஸ் சருகைச் சேர விட்டா என்ன பிரயோஜனம்? காத்துப்போக்கிக்குச் சின்னக் கண்ணுள்ள கம்பிவலை அடிங்க. விறகுக் கட்டைச் சுவரோரம் அடுக்காதீங்க.

கூரை மாத்த அரசு உதவி

"சொல்றது சுலபம், காசு?"ன்னு கேப்பீங்க. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் குடிசையில் வாழ்றவங்களுக்காகவே வந்தது. ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். வீடு 360 சதுர அடி. அதுல 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்கு நீங்க விரும்புற, ஆனா தீப்பிடிக்காத பொருள்ல கூரை. ஓலையும் ஆஸ்பெஸ்டாசும் போடக்கூடாதுன்னு விதியே இருக்கு. இப்ப நான் சொன்ன காரணமெல்லாம் அந்த ரெண்டு வரியில அடங்கியிருக்கு.

இடம் உங்க பேர்ல இருக்கணும், பட்டா வேணும். அங்கதான் பலருக்குத் தடங்கல். அப்பா பேர்ல இருக்கு, தாத்தா பேர்ல இருக்குன்னு விட்டுடாதீங்க. தமிழ்நிலம் இணையதளத்துல உங்க பட்டாவை இப்பவே செல்போன்ல பாருங்க. பேர் மாற்றம் வேணும்னா இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். விவரத்துக்கு ஊராட்சி அலுவலகத்தையோ ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தையோ கேளுங்க. கிராம சபைக்குத் தவறாம வாங்க. பயனாளிப் பட்டியலைப் பத்தி வெளிப்படையா கேள்வி கேட்க உரிமை உள்ள இடம் அது.

கூரை மாறுற வரைக்கும்

இன்னைக்கு ராத்திரி கீற்றுக்கு அடியில தூங்கப் போறவங்களுக்கு இதைச் சொல்றேன்.

அடுப்புக்கு மேல நேரா கீற்று இருக்கக்கூடாது. அந்த அளவுக்காவது ஒரு தகரம் கட்டுங்க. கீற்றுக்குள்ள ஓடுற வயரைக் குழாய்க்குள்ள விடுங்க. சாமி விளக்கை ஏத்திட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போகாதீங்க. குழந்தைங்களை உள்ளே வெச்சு வெளியே தாழ் போடவே போடாதீங்க. வாசல்ல ஒரு டிரம் தண்ணி, ரெண்டு வாளி மணல் எப்பவும் இருக்கணும். போகி அன்னைக்கும், தீபாவளி அன்னைக்கும், கார்த்திகைக்கும் கூரையை நனைச்சு வைங்க.

தீ பிடிச்சா முதல்ல ஆளுங்க வெளியே வரணும். பெட்டி, பாவு எதுக்காகவும் திரும்ப உள்ளே போகாதீங்க. கூரை விழ நேரம் ஆகாது. 101 அல்லது 112 கூப்பிடுங்க. ஊர், தெரு, பக்கத்துல இருக்கிற கோயிலோ பள்ளியோ சொல்லுங்க. பதற்றத்துல வழி சொல்ல வராதுன்னா, தீயணைப்புத் துறையோட 'தீ' செயலியை இப்பவே இறக்கி வைங்க, நீங்க நிற்கிற இடத்தை அது காட்டிக் கொடுக்கும். தீக்காயத்துக்கு மாவு, மை, பற்பசை எதுவும் தடவாதீங்க. ஓடுற சாதாரணத் தண்ணியில 20 நிமிஷம் காட்டிட்டு 108-ஐக் கூப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு. சாம்பலைக் கிளறின அந்த அம்மாவை நினைச்சுக்கோங்க. ஆதாரை டிஜிலாக்கர் செயலியில் சேர்த்துடுங்க. பட்டா, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, வெளியூர்ல இருக்கிற உங்க பிள்ளைக்கோ தங்கைக்கோ அனுப்பி வைங்க. செலவு ஒண்ணுமில்லை. இந்தக் கூட்டம் முடிஞ்சு எழுந்திருக்கும் முன்னாடியே செஞ்சுடலாம்.

நம்ம ஊர் ஏரிக்கரையைப் பலப்படுத்தணும்னா மழைக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிக்கிறோம். வெள்ளம் வந்தப்புறம் யாரும் மண்வெட்டியைத் தேடுறதில்லை. கூரையும் அப்படித்தான். வர்ற பங்குனிக்குள்ள உங்க வீட்டுக் கூரையில ஒரு மாற்றம் செய்யுங்க. முழுசா முடியாட்டியும் அடுப்புக்கு மேலே இருக்கிற நாலு அடியையாவது மாத்துங்க.