புகைக்காதவர் தொண்டையிலும்

வாய்ப்புற்று, தொண்டைப்புற்று என்று சொன்ன மாத்திரத்தில் வெற்றிலையோடு அடக்கும் புகையிலையும் பீடியும் மதுவும் நம் நினைவுக்கு வருவது நியாயமே. நம் தேசத்தில் கன்னத்திலும் நாக்கிலும் காணும் புற்றில் பெரும்பங்கு அவற்றின் விளைவுதான். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், புகையிலையைத் தொட்டே அறியாத நடுவயது ஆண்கள் பலர் தொண்டைப் புற்றோடு வைத்தியர்களிடம் வரத் தொடங்கியபோது, காரணம் தேடிய விஞ்ஞானிகளின் கண்ணில் பட்டது, கருப்பை வாய்ப்புற்றை உண்டாக்கும் அதே ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். அவ்வைரஸின் 16-ஆம் வகையை 1983-ல் கண்டறிந்து வெளியிட்டவர் ஜெர்மனியின் ஹரால்டு சுர் ஹௌசன். 2008-ல் நோபல் பரிசு பெற்றவர். தொண்டைப் புற்றிலும் பெரும்பாலும் காணப்படுவது அந்த வகையே.

அது டான்சிலையும் அடிநாக்கையும் விசேஷமாக நாடுவதற்குக் காரணம் உண்டு. டான்சிலின் மேற்பரப்பில் ஆழ்ந்த குழிகள் பல. வெளியிலிருந்து வரும் கிருமிகளைச் சோதித்தறிவதற்கென்றே அக்குழிகளின் உட்தோல் சல்லடைபோல் மெலிந்து துளையுற்றிருக்க, காவலுக்கென்று அமைந்த அந்த ஸ்தானமே வைரஸுக்கு வாயிலாகிவிடுகிறது. பெரும்பாலோர் சரீரம் அதைத் தானே வெளியேற்றிவிடும். சிலரிடத்தில் மட்டும் அது ஆண்டுக்கணக்கில் தங்கி, பழுதுற்ற அணுக்களை அடக்கும் பி53 என்னும் புரதத்தைத் தன் ஈ6 புரதத்தால் சிதைத்துவிடுகிறது.

சவரம் செய்கையில் தாடைக்குக் கீழே விரலில் தட்டுப்படும், வலியே இல்லாத ஒரு கட்டி: பலருக்கு முதல் அடையாளம் இதுதான். வலி இல்லையே என்று நாள் கடத்துவது பெரும் பிழை. இரண்டு மூன்று வாரங்களில் கரையாத கட்டியைக் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். ஏனெனில் வைரஸால் வரும் இப்புற்று சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுகிறது. 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூன்றாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் வைரஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 82 பேர், இல்லாதவர்களில் 57 பேர்.

இவ்வைரஸ் தாம்பத்திய உறவின் வழியே பரவுவது என்று கேட்டதும் வீடுகளில் சந்தேகமும் அவமானமும் தலைதூக்குகின்றன. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் தொற்றியது இன்று புற்றாகலாம். ஆகையால் யாரையும் பழிப்பதற்கு இதில் இடமில்லை. ஆஸ்திரேலியா 2013-லேயே பள்ளிச் சிறுவர்களுக்கும் இவ்வைரஸுக்கான தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. பெண்பிள்ளைகளின் ஊசி என்று பெயர் பெற்றுவிட்ட அதனை ஆண்பிள்ளைகளுக்கும், வைரஸ் அண்டுவதற்கு முன்பாகவே, 9 முதல் 14 வயதுக்குள் போட்டுவிடவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.