நோயாளியைப் பேணுவது எப்படி?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடும் ஞாயிறு படிப்பு வட்டத்தில் பேசியது)



அடுத்த கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசலாம் என்று சென்ற வாரம் கேட்டபோது, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "வீட்டிலே ஒரு ஆள் படுத்துட்டா எப்படிப் பார்த்துக்கிறது, அதைச் சொல்லுங்க தம்பி" என்றார். சிலர் சிரித்தீர்கள். கஞ்சி கொடுப்பதும் துணி மாற்றுவதும் யாருக்குத் தெரியாது, இதற்கொரு கூட்டமா என்ற நினைப்பு. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். அதற்கு என் வீடு கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் பண்ணை வேலை செய்தவர். ஆறு வருஷத்துக்கு முன், அறுப்புக் காலத்தில், களத்து மேட்டிலேயே சாய்ந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சுக் குழறிற்று. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். மருந்துச் சீட்டுக் கொடுத்தார்கள். எப்படிப் படுக்க வைப்பது, எப்படி உட்கார வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க வேண்டுமென்று எங்களுக்கும் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ராஜ உபசாரம் செய்தோம். வலது கை நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் தண்ணீர் டம்ளரைக்கூட அவரை எடுக்க விடவில்லை. அம்மா ஊட்டினார், நான் முகம் துடைத்தேன், தம்பி சவரம் செய்துவிட்டான். அலுங்காமல் குலுங்காமல் மல்லாக்கவே கிடத்தினோம். காற்றுப் பட்டால் ஆகாதென்று ஜன்னலைச் சாக்குப் போட்டு மறைத்தோம். ஊரே மெச்சியது.

மூன்றாவது வாரம், இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேலே, ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கன்றியது. அம்மா தேங்காய் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தார். இன்னும் ஒரு மாதத்தில் விரல் நுழையும் குழியாயிற்று. பிறகு சீழ், பிறகு ஓயாத காய்ச்சல். வாதத்திலிருந்து பிழைத்து வந்தவர், நாலாவது மாதம் புண்ணில் போனார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மாவும் இருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "எத்தனை மணிக்கு ஒரு தரம் திருப்பிப் போட்டீங்க?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அதன் பிறகு அந்த அம்மாவிடம் கேட்டும், பத்தாவது படித்தவனுக்குள்ள இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நோயாளியைப் பேணும் வேலைக்கு ஒரு சித்தாந்தம் உண்டு, தோழர்களே. அன்பு இருந்தால் போதும், பெண்ணாய்ப் பிறந்தால் தானாக வந்துவிடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. எங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்ற பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். கையில் விளக்குடன் ஒரு படம் போட்டிருக்கும். அந்த விளக்கை மட்டும் காட்டி, அவருடைய மூளையை மறைத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ரஷ்யாவோடு பிரிட்டன் கிரிமியாவில் யுத்தம் செய்தபோது, 1854 நவம்பரில், 38 பெண்களோடு அவர் துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். காயம் பட்ட சிப்பாய்களுக்கு அங்கே பெரிய ஆஸ்பத்திரி. அதில் 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றது காயமோ குண்டோ அல்ல, கழிச்சலும் காய்ச்சலும்தான். மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைத் திறந்துவிட்டார்கள். வண்டி வண்டியாகக் குப்பையையும் செத்த மிருகங்களையும் அகற்றினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை.

இதைவிட முக்கியமானது, ஊர் திரும்பிய பிறகு அவர் செய்த காரியம். வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து சாவுக் கணக்கை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தார். படமாகவே வரைந்து 1858ல் வெளியிட்டார். நம் கையால் பார்த்துக்கொண்ட மனிதர்கள் ஏன் செத்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. எனக்கு வர வெகுநாளாயிற்று.

அந்தக் கணக்கின் மேல்தான் அவருடைய கொள்கை எழுந்தது. நெல்லை நாம் விளைவிப்பதாகச் சொல்கிறோம். பயிரை நாமா பிடித்து இழுத்து வளர்க்கிறோம்? அது தானே வளர்கிறது. நாம் தண்ணீர் கட்டுகிறோம், களை பறிக்கிறோம், தேங்கினால் வடித்துவிடுகிறோம். நோயும் அப்படித்தான் என்றார் நைட்டிங்கேல். உடம்பு தன்னைத்தானே சீர்செய்துகொள்ள முயல்கிறது. காற்று, வெளிச்சம், கதகதப்பு, சுத்தம், அமைதி, ஏற்ற ஆகாரம் ஆகியவற்றைக் கொடுத்து, நோயாளியின் சக்தி வீணாகாமல் காப்பது நர்ஸின் வேலை. இதை 1859ல் புத்தகமாக எழுதினார். 1860ல் லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய்க் கிருமி உண்டென்ற கொள்கையை அவர் நெடுநாள் ஒப்பவில்லை. நாற்றமெடுத்த காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பினார். காரணம் தவறு, ஆனால் அழுக்கை அகற்று, காற்றை விடு என்று சொன்ன காரியம் சரியாகவே இருந்தது.

நமக்கு அதிகம் வேண்டிய சங்கதி இனிமேல்தான் வருகிறது. 1861ல் அந்தப் புத்தகத்தை உழைப்பாளி மக்களுக்கென்றே திருத்தி, மலிவுப் பதிப்பாகப் போட்டார். குழந்தை பார்த்துக்கொள்வது பற்றி ஓர் அத்தியாயம் அதில் புதிதாகச் சேர்ந்தது. அது யாருக்கு? தாய் வேலைக்குப் போனபின் தம்பி தங்கையை இடுப்பில் சுமக்கும் சிறு பெண்களுக்கு! நம் சேரிகளிலும் மில் லயன்களிலும் அந்தச் சிறுமியை இன்றும் பார்க்கலாம். அவளுக்கும் இந்த அறிவு வேண்டும், அவளுக்குப் புரியும்படி அதைச் சொல்ல முடியும் என்று அவர் எண்ணியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பார்வையிட வருகிறவர்கள் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. உனக்கு ஒன்றுமில்லை என்று பொய்த் தைரியம் சொல்வது, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வது, இவற்றால் நோயாளி எப்படிக் களைத்துப் போகிறான் என்று எழுதியிருக்கிறார். நம் ஊருக்கு வந்து பார்த்து எழுதினாரோ என்று தோன்றும்!

கவனித்துப் பார்ப்பது பற்றி அவர் கண்டிப்பானவர். "நேத்திக்கு இன்னிக்குத் தேவலை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒப்பமாட்டார். எத்தனை மணி தூங்கினார், எவ்வளவு உண்டார், சொல். ரிங் பிரேமில் நிற்கும் சைடர், "இழை நல்லாத்தான் ஓடுது" என்றால் மேஸ்திரி விடுவாரா? எத்தனை இழை அறுந்தது என்றுதானே கேட்பார்.

படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் குற்றம் நோயினுடையதல்ல, பேணியவர்களுடையது என்பதும் அவர் கருத்து. அதைப் படித்த இரவு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இது சம்பந்தமாக நூறு வருஷத்துக்குப் பின் இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ், இருவரோடு சேர்ந்து, முதியோர் வார்டுகளில் ஆராய்ச்சி செய்து 1962ல் வெளியிட்டார். புண்ணுக்கென்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு தைலமும் களிம்பும் தடவிக்கொண்டிருந்தார்கள். முறையாகத் திருப்பிப் படுக்க வைப்பதுதான் பலன் தருகிறது என்று அந்த ஆராய்ச்சி காட்டிற்று. விஷயம் எளிது. கீழே பாய், மேலே எலும்பு, நடுவில் சதை. ஒரே இடத்தில் எலும்பு அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் ஓடாது. ஓடாவிட்டால் சதை செத்துப்போகும். மடையை அடைத்தால் கடைமடை காய்வதைப்போல. சுமார் இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும். படுக்கைக்கும் உடம்புக்கும் ஏற்ப இந்தக் கணக்குக் கூடலாம், குறையலாம். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். நம்முடைய கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. தொட்டுப் பாருங்கள், சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் ஆபத்து தொடங்கிவிட்டதென்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. நாங்கள் தேய்த்தோம்.

ஒரு சின்னக் கணக்கு. திரும்ப முடியாத நோயாளிகள் ஒரு வார்டில் 20 பேர், நர்ஸ் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு 120 நிமிஷம். தலைக்கு 6 நிமிஷம். அதற்குள் திருப்ப வேண்டும், ஊசி, மருந்து, ரத்த அழுத்தம், ரிஜிஸ்தர் எழுதுவது, எல்லாம் முடிய வேண்டும். ஒழுங்காகத் திருப்ப இரண்டு பேர் வேண்டும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேலைப்பளு என்றால் என்ன என்று மில்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நர்ஸுகள் ஆள் போடு என்று கேட்டுத் தெருவில் நிற்கும்போது, அவர்கள் கேட்பது நம் முதுகுத் தோலுக்காகவும்தான்.

சரி, திருப்பிப் போட்டிருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் அமெரிக்காவின் வர்ஜீனியா ஹெண்டர்சன் வருகிறார். 1897ல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர். சர்வதேச நர்ஸுகள் கவுன்சில் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் எழுதிய சிறு நூல் 1960ல் வந்தது. பல மொழிகளில் போயிற்று. நர்ஸ் செய்வது என்ன என்பதற்கு அவர் சொன்ன விளக்கத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். தெம்பும் மனமும் விவரமும் இருந்தால் ஒரு மனிதன் தனக்குத் தானே என்னவெல்லாம் செய்துகொள்வானோ, அவற்றில் இன்று அவனால் முடியாததை நாம் செய்ய வேண்டும். எப்படிச் செய்ய வேண்டும்? சீக்கிரமே நம் உதவி அவனுக்குத் தேவைப்படாமல் போகும்படியாக!

மனிதனுக்கு வேண்டியவை என்று அவர் 14 காரியங்களைச் சொன்னார். மூச்சு விடுவது, உண்பது, குடிப்பது, கழிப்பது, அசைவது, உறங்குவது, உடுப்பது என்று போகிறது. பிறரோடு பேசுவது, தன் நம்பிக்கைப்படி வழிபடுவது இவையும் உண்டு. கடைசியில் வருவன கவனிக்கத்தக்கவை: சாதித்தோம் என்ற திருப்தி தரும் வேலை, விளையாட்டு, கற்றுக்கொள்வது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவனுக்கு வேலை வேண்டுமென்று ஒரு நர்ஸ் சொல்கிறார்!

என் தகப்பனார் கயிறு திரிப்பதில் பேர்போனவர். ஒரு கையால் திரிக்க முடியாதுதான். நான் திரிக்க, அவர் ஒரு முனையைப் பிடித்திருக்கலாம். முறுக்குப் போதாது என்று என்னைத் திட்டியிருக்கலாம். டம்ளரை அவர் கையில் கொடுத்திருந்தால் பாதித் தண்ணீர் சிந்தியிருக்கும், சிந்தட்டுமே. ஒரு நாள் அந்த வலது கையை நீட்டி டம்ளரைத் தொட்டார். "நீங்க சும்மா இருங்கப்பா" என்று நான்தான் கையை மடக்கி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் கை நீட்டவில்லை.

டோரத்தியா ஓரம் என்ற இன்னொரு நர்ஸ் 1971ல் வெளியிட்ட நூலில் இதைப் படிப்படியாகப் பிரித்தார். நோயாளியால் எதுவும் முடியாத நிலையில் முழுதும் நாம் செய்வது. அவர் பாதி, நாம் பாதி. பிறகு கற்றுக்கொடுத்து அவரையே செய்ய விடுவது. எந்த நோயாளி இன்று எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பதில்தான் திறமை இருக்கிறது. நாங்கள் முதல் படியிலேயே நாலு மாதம் நின்றுவிட்டோம்.

நர்ஸும் நோயாளியும் முதலில் அந்நியர்கள், அந்த உறவு வளர்வதே சிகிச்சையில் ஒரு பகுதி என்று காட்டியவர் ஹில்டகார்டு பெப்லாவ். 1948லேயே அவர் எழுதி முடித்த புத்தகம் 1952ல்தான் வெளிவந்தது. டாக்டர் ஒருவரும் கூட எழுதாமல் நர்ஸ் தனியாக இப்படிப்பட்ட புத்தகம் போடுவதா என்று தயங்கினார்களாம்.

ஊட்டும்போது ஒரு எச்சரிக்கை: வாதம் வந்தவருக்கு விழுங்குவது தடைப்பட்டிருக்கலாம். படுத்தபடி எதையும் கொடுக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. இருமினால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அனுப்பும்போது அங்கே கேட்க வேண்டியதையும் கேளுங்கள்: எப்படித் திருப்புவது, எப்படி உட்கார வைப்பது, எதை அவரே செய்யலாம்? சொல்லாமல் வண்டி ஏறாதீர்கள்.

வருகிற ஞாயிறு அந்த நர்ஸம்மாவே இங்கு வருகிறார். ஒருவரை இழுத்துத் தோல் உராயாமல், அடியில் துணி விரித்து எப்படித் திருப்புவது என்று செய்து காட்டுவார். ஒரு பாய், இரண்டு தலையணை, பழைய வேட்டி ஒன்று வேண்டும். நோயாளியாக நான் படுத்துக்கொள்கிறேன். திருப்பிப் பழக ஆண்களில் நாலு பேர் இப்போதே பெயர் கொடுங்கள்.