அதே மூணரை லட்சம்!

எங்க அண்ணன் 2011-ல கேம்பஸ்ல செலக்ட் ஆனப்போ வருஷச் சம்பளம் மூணேகால் லட்சம். பத்து வருஷம் கழிச்சு எனக்கு? மூணரை! (எஜுகேஷன் லோன் தனிக்கதை.)

நாட்டுல பணமே இல்லையா? இருக்கு. 1982-ல மொத்த வருமானத்துல உச்சியில இருக்குற 1 சதவீதம் பேருக்குப் போனது சுமார் 6 சதவீதம். 2022-23-ல 22.6! தாமஸ் பிக்கெட்டி குழு 1922-லேர்ந்து போட்ட கணக்கு இது. வெள்ளைக்காரன் காலத்துலகூட இவ்வளவு இல்ல.

கீழ இருக்குறவங்களுக்கு? ஒன்றிய அரசு 2017-ல வெச்ச தேசிய அடிப்படைக் கூலி நாளுக்கு 176 ரூபாய். 2023-லயும் அதே 176. அதுவும் அப்போ சட்டப்படி கட்டாயமா இருக்கல.

சித்தாள் வேலைக்குப் போற பக்கத்து வீட்டு அக்காகிட்ட இதைச் சொன்னேன். "அரை நாளுக்கா தம்பி?"ன்னு கேட்டாங்க.