விருப்ப வரிசை
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் வீடுதோறும் ஒரு விவாதம் எழுகின்றது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது, எதை அடுத்து எழுதுவது என்பதே அது. மருந்தாளர் பட்டப்படிப்பையே எடுத்துக்கொள்வோம். பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு முதலிய பல்கலைக்கழகங்களில் அஃது உண்டு. படிப்பு ஒன்றாயினும் ஒவ்வொன்றையும் தனித்தனியே வரிசையிடல் வேண்டும். அப்போது அயலவர், “எட்டாததை முதலில் எழுதினால் எட்டுவதும் போய்விடும்” என்று அச்சுறுத்துவர். இவ்வச்சம் நியாயமானதா?

இவ்வினாவை ஆராய்ந்தோர் ஐக்கிய அமெரிக்காவில் உள்ளனர். அங்கே மருந்தாளர் பட்டம் பெறும் மாணவர் சிலர் வைத்தியசாலைகளில் ஓராண்டு மேற்பயிற்சியை நாடுகின்றனர். நேர்முகம் கண்ட இடங்களை அவர்கள் விருப்பப்படி வரிசையிடுவர். அவ்விடங்களும் மாணவரை வரிசையிடும். இரண்டையும் பொருத்தி முடிவு கூறப்படும். அம்முடிவு இருசாராரையும் கட்டுப்படுத்தும். வைத்தியர்களுக்கு இத்தகைய முறை 1952 இல் தொடங்கிற்று. 1962 இல் டேவிட் கேல், லொயிட் ஷாப்லி என்னும் அறிஞர் இருவர் இவ்வகைப் பொருத்தத்தின் கணிதத்தை நிறுவினர். ஷாப்லியும், பின்னர் அதனை நடைமுறையிற் செம்மைப்படுத்திய அல்வின் றொத்தும் 2012 இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர்.

கணிப்பு மாணவரின் முதல் விருப்பத்திலிருந்து தொடங்கும். அங்கே இடமில்லையெனில் இரண்டாவதற்குச் செல்லும். அவ்விடம் முன்னரே வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும், நிறுவனம் இவரையே மேலாக வரிசையிட்டிருந்தால் இவருக்கே கிடைக்கும். ஆகவே துணிந்து முதலிடத்தை நாடியவர் எதையும் இழப்பதில்லை.

எமது நாட்டு முறை வேறு. இங்கே இஸட் புள்ளியே எம்மை வரிசையிடுகின்றது. பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. ஆயினும் படிப்பினை ஒன்றே. தகுதி பெற்றவற்றுள் எமது வரிசையில் உயர்ந்து நிற்பதே எமக்குக் கிடைக்கும். மேலே எழுதிய எட்டாக் கனி கீழே உள்ளதைப் பறிப்பதில்லை. அச்சத்தால் கீழானதை மேலே எழுதினாலோ, அதுவே கிடைத்துவிடும்!

அப்படியாயின் வரிசையை எவ்வாறு அமைப்பது? முதலாவது, அங்கே என்ன பயில்வோம், எந்த வைத்தியசாலையிற் பயிற்சி பெறுவோம் என்று விசாரித்தறிதல் வேண்டும். இரண்டாவது, செலவை எண்ணுதல் வேண்டும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனைக்கு நாள்தோறும் பஸ்ஸிற் சென்று வரலாம். யாழ்ப்பாணத்துக்கோ காலிக்கோ சென்றால் தங்குமிடம் தேடவேண்டும். மூன்றாவது, கிடைத்தாலும் போகமாட்டோம் என்னும் இடத்தை எழுதவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. வைத்தியத்துறை கிட்டாதவர்க்கு ஆறுதற் பரிசே மருந்தாளர் படிப்பு எனச் சிலர் கருதுகின்றனர். கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்ற பேராசிரியர் சேனக பிபிலேயை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். ஏழைக்கும் நியாய விலையில் நல்ல மருந்து வேண்டுமென்று உழைத்த அவரே, 1971 இல் எழுந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்குறித்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. மருந்தின்றி வைத்தியர் மட்டும் என் செய்வார்?

பெரியோர்களே, தூரத்தையும் செலவையும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுங்கள். உங்கள் அநுபவம் எமக்குத் தேவை. ஆனால் வரிசையைப் பிள்ளையே எழுதட்டும். நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பில் அமரப்போவது அப்பிள்ளையே. இளைஞர்களே, ஊராருக்காக அன்றி, உண்மையான விருப்பத்தின்படி எழுதுங்கள்.