கொழும்புக்குப் போனவர் எந்த ஊரவர்?

(புளியங்கூடலில் ஆற்றிய உரை)



பெருநகர வாழ்க்கைக்குப் பழகுதல் என்பது இன்றைய கூட்டத்துக்கு ஊரவர் தந்த பொருள். பழகுவது கடினமன்று. தீவகத்தின் உவர்க் கிணற்றோடு வாழ்ந்தவர் குழாய் நீருக்குப் பழக எத்தனை நாள் வேண்டும்? வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் அயல்வீட்டுக்காரர் பெயரறியாமல் வாழவும், சந்தையில் முருங்கைக்காயின் விலை கேட்டு வாய்மூடித் திரும்பவும் ஒரு மாதத்தில் பழகிவிடுகின்றோம். பழகும் அவசரத்தில் எவற்றைக் கைநழுவ விடுகின்றோம் என்பதே நம் கவலை.

நம் முன்னோர் கொழும்புக்குப் போன விதம் வேறு. சரவணை, நாரந்தனை, கரம்பன், இந்தப் புளியங்கூடல் ஆகிய ஊர்களிலிருந்து சுருட்டுக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் ஆண்கள் தனியே போயினர். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். காசுக்கட்டளை மாதந்தோறும் வந்தது. திருவிழாவுக்கு ஆளும் வந்தார். 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் அந்த வரவு இன்னும் எளிதாயிற்று. உழைத்தது கொழும்பில், குடியிருந்தது புளியங்கூடலில். எந்த ஊரவர் என்று அவரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகள் அந்த ஒழுங்கை அடியோடு பெயர்த்தன. தீவகம் வெறிச்சோடியது. குடும்பம் குடும்பமாக யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும், பின் பாரிசுக்கும் தொரன்ரோவுக்கும் போயினோம். 1990இல் நின்ற புகைவண்டி யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வந்தது 2014இலேதான். இடைப்பட்ட காலத்தில் கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் புளியங்கூடல் என்பது தகப்பனார் வாயில் வரும் ஒரு பெயர் மட்டுமே.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1958இலும் 1983இலும் கொழும்பில் வீடும் கடையும் எரிந்தபோது, அகதி முகாம்களில் கிடந்த நம்மவரைக் கப்பலேற்றி வடக்கே அனுப்பினார்கள். வந்திறங்கியவர்களுக்கு ஒரு வளவும் ஒரு கிணறும் இருந்தன. 1991இல் வளவும் கிணறும் பறிபோனபோது, பலருக்குக் கொழும்பில் ஓர் உறவினர் வீடு இருந்தது. ஊர் நகரத்தவரைக் காத்தது. நகரம் ஊரவரைக் காத்தது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடு என்று நமக்கு அறிவுரை கூறுவோர் இந்த வரலாற்றை அறியாதவர்.

அவ்வாறு தெரிந்தெடுக்க நம்மை வற்புறுத்திய அரசையும் கண்டோம். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி நகரை விட்டு வெளியேற்றினர். பெரும்பாலோர் வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கின்றனர் என்பதே சொல்லப்பட்ட நியாயம். தன் நாட்டின் தலைநகரில் தங்க ஒருவன் யாரிடம் காரணம் சொல்ல வேண்டும்? இலங்கையினுள் விரும்பிய இடத்தில் வதியும் சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் சென்றது. மறுநாளே இடைக்காலத் தடை கிடைத்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்கா பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வழக்கிட ஒருவர் முன்வந்ததனால் நின்ற காரியம் அது. வாய்மூடியிருந்தால் அடுத்த வாரமும் பேருந்து வந்திருக்கும்.

வாய்மூடும் பழக்கம் பொலிசாரிடம் மட்டுமன்று, அலுவலகங்களிலும் நமக்கு உண்டு. சிங்களத்தில் தாளை நீட்டுகின்றனர். கோட்டின் மேல் கையொப்பமிட்டுத் திரும்புகின்றோம். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி, கொழும்பிலும், அரச அலுவலரோடு தமிழில் கருமம் ஆற்றவும், தமிழில் மறுமொழி பெறவும், நமக்கு வழங்கப்படும் ஆவணத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெறவும் நமக்கு உரித்துண்டு. மறுக்கப்பட்டால் முறையிட, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கின்றது. சட்டம் முழுதும் நடைமுறையில் உள்ளது என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்பாரில்லாத உரிமையை எந்த அலுவலரும் தாமாகக் கொண்டு வந்து தருவதில்லை. சிங்களம் கற்பது நன்று. சுருட்டுக் கடைப் பாட்டனார் நம்மிலும் நன்றாகவே பேசினார். விளங்காத தாளில் கையொப்பமிடுவது மொழியறிவாகாது.

இனி, ஊர்ப் பக்கத்துக்கு வருவோம். ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமை, வட மாகாணத்தை நிலையான வதிவிடமாகக் கொண்ட தமிழரை ஆளும் சட்டம். கொழும்பில் வாழும் நம்மவர் இறந்தபின் நீதிமன்றம் கேட்கும் முதற் கேள்வி, அவர் எந்த ஊரவர் என்பதே. வேலைக்காகப் போனாரா, திரும்பும் எண்ணமே இன்றிக் குடியேறினாரா? தேடிய தேட்டத்தில் பாதி மனைவிக்குச் சேருமா என்பது இந்த விடையில் தொங்குகின்றது. உயிரோடிருக்கும்போதே எழுதி வைக்காதவர் இந்தக் கேள்வியைத் தம் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டுப் போகின்றார்.

காணி விடயம் இதனிலும் அவசரமானது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரியவரின் உரிமையை ஏற்காமல், இடையீடின்றிப் பத்தாண்டு காணியை ஆண்டவர் அதற்கு உரித்தாளர் ஆகலாம். போரினால் வர முடியாதிருந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு சலுகை தந்தது; அதுவும் குறுகிய காலத்திற்கே. போர் முடிந்து பத்தாண்டு கடந்துவிட்டது என்பதைத் தொரன்ரோவிலிருப்பவர் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் அனுமதியோடு இருப்பவரின் ஆட்சி உங்களுக்கு எதிரான ஆட்சியாகாது. ஆதலால் அந்த அனுமதியை எழுத்தில் வையுங்கள்.

இங்கே கமக்காரர் முகம் சுளிப்பது தெரிகின்றது. நியாயந்தான். ஆளில்லா வளவுக்கு வேலி அடைத்து, பனை வெட்டுவோரைத் துரத்தி, கிணறு இறைத்தவர் இவரே. கொழும்பிலிருந்து ஒருநாள் மோட்டாரில் வந்து உறுதியை நீட்டுவது மட்டும் உறவாகாது. காத்தவருக்கு விளைவிலோ பணத்திலோ ஒரு பங்கு பேசிக் கொடுங்கள். அவரும் அனுமதிப் பத்திரத்தில் கையொப்பமிடட்டும். இல்லையேல் இரு பக்கத்தாரும் எம்மைப் போன்ற வழக்கறிஞரிடம் வந்து நிற்பீர்கள். எமக்கு வருமானம், உங்களுக்கு இருபது ஆண்டு வழக்கு.

வாக்கு பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 உறுப்பினர், 2015இல் 7, 2024இல் 6. நாட்டின் பதிவான வாக்காளரில் நம் மாவட்டத்தின் பங்கு குறையக் குறைய ஆசனமும் குறைகின்றது. இதற்காகப் பொய் முகவரி கொடுக்குமாறு நாம் சொல்லோம். சாதாரணமாக எங்கு வதிகின்றீர்களோ அங்கே பதியுங்கள். ஊர் இடாப்பில் பெயர் வெட்டுண்டு, கொழும்பு வாடகை அறையிலும் பதியாமல், இரண்டிடத்திலும் இல்லாத மனிதராக நம் இளைஞர் பலர் திரிகின்றனர். அடுத்த வாரம் கொழும்புக்குப் புறப்படுவோர் கிராம அலுவலரைக் கண்டு, பெயர் எங்கே நிற்கின்றது என்று அறிந்தபின் வண்டியேறுங்கள்.

உறுதியும் அற்றோணித் தத்துவமும் கொண்டு வந்திருப்போர் சிலர் பின்வரிசையில் இருக்கின்றனர். இருட்டுமுன் அவற்றைப் பார்த்துவிடலாம். முதலில் முதியோர் வரட்டும்.