நகர மறுசீரமைப்பும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசவேண்டும் என்றுதான் செயலாளர் என்னைப் பணித்தார். எனக்கு முன் பேசிய மூவரும் அதனைச் செம்மையாகச் செய்துவிட்டனர். ஆதலின், கற்ற கல்வியை உரிய நேரத்தில் நான் பயன்படுத்தத் தவறிய ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில், ஒரு சிறு நகரில் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றினேன். ஊரின் பெயர் வேண்டாம். அந்நகரத்துக் குப்பை முழுவதும் நம் மக்கள் குடியிருந்த தெருவின் பின்புறத்தில்தான் கொட்டப்பட்டது. மழைக்காலத்தில் அத்தெருப் பிள்ளைகள் வகுப்பறையில் நுழையும்போதே நாற்றமும் உடன் நுழையும். ஒருநாள் நாளேட்டில் ஓர் அறிவிப்பைக் கண்டேன். அந்நகரின் ஒரு பகுதிக்கு விரிவான அபிவிருத்தித் திட்டம் வரையப்பட்டிருக்கிறது, ஆட்சேபணை உடையோர் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றிருந்தது. படித்தேன், பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பி.ஏ., பி.எட். படித்தவன் செய்த காரியம் இது.

சில ஆண்டுகளில் குப்பைமேடு அகற்றப்பட்டது. தெருவே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். நிலம் தூய்மையான பிறகுதான் அந்த வீடுகளுக்கு நோட்டீசு வந்தது. வரைபடத்தில் அத்தெரு இருந்த இடத்தில் அகலமான சாலையும் வாகனங்கள் நிறுத்துமிடமும் இருந்தன. யாரிடமும் பட்டா இல்லை. இரண்டு பேருந்து மாறிச் செல்லவேண்டிய ஒரு பொட்டலில் மாற்றிடம் கொடுத்தார்கள். என்னிடம் படித்த அத்தெருப் பிள்ளைகள் பதினொருவர். ஆண்டுத் தேர்வு எழுத வந்தவர் நால்வர். "நாத்தம் இருந்த வரைக்கும் எங்கள யாரும் இங்க இருக்காதேன்னு சொல்லல, சார்" என்று ஒரு மூதாட்டி என்னிடம் கூறினார். நான் மறுமொழி சொல்லவில்லை.

ஓடி நின்ற ஆலை, நிரம்பிப்போன குப்பைக் கிடங்கு, கைவிட்ட பணிமனை, பயன் குறைந்த பழைய சந்தை ஆகியவற்றைப் புதுப்பித்து ஊரின் நடுப்பகுதிக்கு மீண்டும் உயிரூட்டுவதை நகர மறுசீரமைப்பு என்கிறோம். அது வேண்டாத காரியம் அன்று. மிகவும் வேண்டிய காரியம். செருமனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, 1989 முதல் 1999 வரை பத்தாண்டுத் திட்டம் ஒன்று வகுத்தார்கள். டூயிஸ்பர்க் நகரில் 1985இல் மூடப்பட்ட இரும்பாலையை இடித்துத் தள்ளாமல் பூங்காவாக்கினார்கள். எம்ஷர் என்னும் ஆறு அங்கே நூறாண்டுக் காலம் திறந்த சாக்கடையாகவே ஓடியது. அதிலிருந்து கழிவுநீரை முற்றிலும் பிரித்தெடுக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன; 2021இல்தான் அப்பணி நிறைவெய்தியது. ஒரு தலைமுறை பொறுமையாக இருக்கவேண்டிய வேலை இது. நம் ஊர்களில் திறப்புவிழாக் கல்வெட்டு முதலில் தயாராகிவிடுகிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? பம்பாய் நமக்கு நெருக்கம். நெல்லைச் சீமையிலிருந்து நம்மவர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற ஊர் அது. அங்கே பருத்தி ஆலைகளில் நம் மக்களுக்கு நூற்புப் பகுதியில் இடமுண்டு. கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டி இருந்ததால் தீட்டுப்பட்டுவிடும் என்றார்கள். 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இக்கேள்வியை எழுப்பினார். 1982இல் தொடங்கிய மற்றொரு வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் பலவும் மூடிக்கொண்டன. நகரின் நெஞ்சுப் பகுதியில் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் எஞ்சியது. அதில் மூன்றிலொரு பங்கு மாநகராட்சிக்கு, மூன்றிலொரு பங்கு எளியோர் வீட்டு வசதிக்கு, மூன்றிலொரு பங்கு உரிமையாளருக்கு என்று 1991இல் விதி செய்தார்கள். நல்ல விதிதான். 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டுமே இப்பங்கீடு என்றாக்கினார்கள். ஆலை நிலத்தில் பெரும்பகுதி கட்டடம். காலி நிலம் எவ்வளவு இருக்கும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2006இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு சில சொற்களின் திருத்தம், தம்பிமார்களே! தொழிலாளியின் பங்கு அதில் சுருங்கிப் போயிற்று.

அதே பம்பாயில் அண்ணலின் உடல் எரியூட்டப்பட்ட சைத்திய பூமிக்கு அருகில் இந்து மில் என்னும் ஆலை இருந்தது. அந்நிலம் நினைவிடத்திற்கு வேண்டும் என்று நம் மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள், ஊர்வலம் சென்றார்கள், ஆலைக்குள்ளேயே நுழைந்து அமர்ந்தார்கள். 2012 டிசம்பரில் பன்னிரண்டரை ஏக்கரையும் தருவதாக அரசு அறிவித்தது. கேட்டவர்கள் இருந்ததால் கிடைத்தது.

தூய்மை என்ற சொல்லையும் நாம் கேள்வி கேட்கவேண்டும். கொடைக்கானலில் வெப்பமானி செய்த இந்துஸ்தான் யூனிலீவர் ஆலை 2001இல் மூடப்பட்டது. மண்ணில் பாதரசம் கலந்திருந்தது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்பதைச் சுற்றியே பல ஆண்டுகள் வாதம் நடந்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு நிலம் தூய்மையாகிவிட்டது என்று எவரேனும் சொன்னால், எந்த அளவுக்கு என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். வேதியியல் பாடம் அதற்காகவும்தான்.

இனி நம் ஊர். காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் என் சிறுவயதில் மொட்டைக் கோபுரமாக நின்றது. நெடுங்காலம் அப்படி நின்றது, 1990இல் ஒன்பது நிலைகளோடு எழுந்தது. அதனைச் சுற்றியுள்ள தேர்வீதிகளும் கடைகளும் பழைய பேருந்து நிலையமும்தாம் தென்காசியின் நடுப்பகுதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ எழுபதாயிரம் மக்கள் வாழ்ந்த இந்நகர், 2019 நவம்பர் 22 முதல் மாவட்டத் தலைநகராயிற்று. தலைநகரானால் அலுவலகங்கள் வரும், சாலைகள் அகலும், நிலத்தின் விலை ஏறும். நேற்றுவரை எவரும் திரும்பிப் பாராத ஊர் ஓரத்து நிலம் இன்று பார்வைக்கு வரும். நம் மக்களுள் பலர் குடியிருப்பது அந்த ஓரத்தில்தான் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

குற்றாலத்தின் நிலை வேறு. சாரல் பொழியும் சில மாத வருமானத்தைக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழவேண்டிய ஊர் அது. எண்ணெய் தேய்த்துவிடுவோரும், பழக்கடை, துண்டுக்கடை வைத்திருப்போரும், அருவிக்கரையைக் கூட்டுவோரும் அந்த வருமானத்தின் கடைசிப் படியில் நிற்பவர்கள். அழகுபடுத்தும் திட்டம் எது வந்தாலும் முதலில் அகற்றப்படுவது தரைக்கடைதான். (சோப்பும் ஷாம்புவும் கூடாதென்ற பலகையின் கீழேயே நின்று தலைக்குத் தேய்த்துக்கொள்ளும் கனவான்களை யாரும் அகற்றக் காணோம்.) குற்றாலத்தில் விழும் நீர்தான் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடிப் பொருநையில் கலக்கிறது. ஆகவே அருவியும் நகரும் தனித்தனித் திட்டங்களாகப் பிரிந்து கிடக்கக்கூடாது என்பது என் கருத்து. 2024 மே 17ஆம் நாள் பழைய அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு மாணவன் உயிரிழந்தான். நீர் வரும் வழியை அறியாமல் வகுக்கும் எத்திட்டமும் காகிதத்தில்தான் அழகாயிருக்கும்.

சட்டம் நமக்குச் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டமோ விரிவான அபிவிருத்தித் திட்டமோ வகுக்கும்போது பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்டாகவேண்டும். 74ஆவது திருத்தத்தின் வழியே நகர்மன்றங்களில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. மாவட்டத் திட்டக் குழு உண்டு. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும். அவர்களுள் மூன்றிலொரு பங்கு பெண்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி வரைபடத்தின் நகலைக் கேட்டால் முப்பது நாளில் பதில் தரவேண்டும். இவற்றில் எதையும் எவரும் வீடு தேடிவந்து தரமாட்டார்கள்.

1892இல் நம் முன்னோர்க்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்ட வரலாறு உங்களுக்குத் தெரியும். வேறு வகுப்பாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. எப்படியெல்லாம் கைமாறிப் போயிற்று! ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள், உண்மை. காகிதத்தைப் படித்துச் சொல்ல நம் தெருவில் ஆளில்லை என்பதும் உண்மை. இன்று ஆளிருக்கிறார்கள். இம்மன்றத்திலேயே பட்டதாரிகளை எண்ணினேன். முதல் நான்கு வரிசைக்கு மேல் எண்ண முடியவில்லை.

சங்கத்தின் நிருவாகக் குழு என் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வருகிற மாதம் முதல், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று காலை பத்து மணிக்கு இதே கட்டடத்தில், புல எண் என்பது யாது, புலப்படத்தை எவ்வாறு படிப்பது, நத்தத்திற்கும் புறம்போக்கிற்கும் வேற்றுமை என்ன, ஆட்சேபணை மனுவை எப்படி எழுதுவது என்பவற்றைச் சொல்லித்தர நான் வருகிறேன். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரும் வர இசைந்திருக்கிறார். பத்தாம் வகுப்புப் படித்தவர் எவரும் சேரலாம், கட்டணம் இல்லை. வரும்போது உங்கள் வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, பட்டா இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். பட்டா இல்லாதவர்கள் அவசியம் வாருங்கள்.